கப்பை வடித்த தண்ணீர்

என் வயதுக்காரர்களே, நமக்கெல்லாம் ஒரு வியாதி வந்திருக்கிறது. எழுபதைத் தாண்டியதும் சின்ன வயதில் தின்றதையெல்லாம் திரும்பச் சமைக்கக் கிளம்பிவிடுகிறோம். அன்று வேறு வழியில்லாமல் விழுங்கிய சோளக்களிக்கு இன்று நெய் ஊற்றுகிறோம். குதிரைவாலிச் சோற்றில் முந்திரிப்பருப்பை வறுத்துக் கொட்டுகிறோம். பேரன் பேத்திகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதுதான் அந்தக் காலத்துச் சாப்பாடு என்று கூசாமல் பொய் சொல்கிறோம். அந்தக் காலத்தில் தாளிக்கிற எண்ணெயைத் துணியில் நனைத்துச் சட்டியில் துடைத்ததை யாரும் சொல்வதில்லை.

போன மாதம் என் வீட்டிலும் அந்தக் கூத்து நடந்தது. நானும் உபதேசியார் மகளும் சேர்ந்து கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளி, கிண்டினோம். உபதேசியார் மகள் என்றால் என் பால்யத் தோழி. அவளுடைய அப்பா கிறிஸ்தவர்கள் இருந்த வேதக்காரர் தெருவில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டு, கறிவேப்பிலை தாளித்து, தொட்டுக்கொள்ள அயிரைமீன் குழம்பும் வைத்தோம். இதே கிழங்கை நாங்கள் முதல்முதலாகச் சமைத்தது யுத்தகாலத்து ஒரு கோடையில். எனக்கு அப்போது பத்து வயது. அன்று சமைத்தது மூன்று பேர். சமைக்காமல் உட்கார்ந்திருந்த நாலாவது ஆள் என் தங்கை, நாலு வயது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். வாய்க்கு ருசியாக இருக்காது.

கூட்டாஞ்சோறு ஆக்காத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து ஒரே பானையில் போட்டுப் பொங்கித் தின்பது. மண்சோறு இல்லை, நிஜச் சோறு. ஆனால் அந்த வருடம் கொண்டுவர யாரிடமும் ஒரு பிடி அரிசி இல்லை. பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளைகிற ஊர் எங்களுடையது. விளைந்ததைச் சர்க்கார் அளந்து கொண்டுபோனது போக, மிச்சத்தை அப்பா குதிருக்குள் போட்டு வாயை மண்ணால் பூசிவிட்டார். விருந்தாளி வந்தால்தான் உடைப்பது. நெல் விளைகிற வீட்டில் நாங்கள் காலையில் சோளக்கூழும் பொழுதுசாய்ந்தால் சாமைச் சோறும் தின்றோம்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வடித்த தண்ணீரைக் கீழே ஊற்றக்கூடாது. சாமை வடித்தது, கீரை வேகவைத்தது, மொச்சை அவித்தது, எந்தத் தண்ணீரானாலும் உப்புப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு எங்கள் கையில் கொடுத்துவிடுவாள். "சத்தெல்லாம் தண்ணியிலதான் எறங்கியிருக்கு. அதக் கொட்டுறவ வீட்டுல சீதேவி தங்கமாட்டா" என்பாள். ஒருமுறை நான் கொள்ளு அவித்த தண்ணீரைக் கைதவறிச் சிந்திவிட்டதற்கு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அம்மாவை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தண்ணீரால்தான் அந்த வருடம் எங்கள் கன்னத்தில் கொஞ்சமாவது சதை இருந்தது.

மூன்றாவது ஆள் வண்டிக்காரர் மகள். அவளுக்குப் பதினோரு வயது. அவள் அப்பா எங்கள் பாரவண்டியை ஓட்டினார். வண்டியும் எங்களுடையது, மாடும் எங்களுடையது, உழைப்பு மட்டும் அவருடையது. வாரம் ஒருமுறை வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளிக்குப் போவார். இறங்கும்போது மிளகும் கப்பைக்கிழங்கும் வரும். தாயில்லாத பிள்ளை என்பதால் மகளையும் கூடவே கூட்டிப்போவார். அதனால் மலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று எங்கள் மூவரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மலையாளத்தில் வையவும் தெரியும். காற்றுக்கு எதிராக அடுப்பு வாயை வைக்கக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதை வீட்டில் சொல்ல முடியாது. அவர்கள் தெருவில் என் அண்ணன் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததற்கு, அதற்கு முந்தின வருடம் அப்பா அவனை மாட்டுக்கொட்டத்தில் கட்டிவைத்துச் சாட்டைக்கம்பு ஒடிகிற மட்டும் அடித்திருந்தார். வேதக்காரர் பிள்ளையோடு பேசுவதை அப்பா ஏதோ பொறுத்துக்கொண்டார். வண்டிக்காரர் மகளோடு ஒரே பானையில் கை வைத்தேன் என்று தெரிந்தால் என் தோலை உரித்து உப்புத் தடவியிருப்பார்.

ஆகவே நாங்கள் உச்சிவெயிலில்தான் ஆக்குவோம். பெரியவர்கள் எல்லோரும் உண்டுவிட்டுக் கண்ணசருகிற நேரம். வாய்க்கால் கரைக்குக் கீழே தென்னந்தோப்பு ஓரமாக மூன்று கல். அன்று வண்டிக்காரர் மகள் பாவாடை மடியிலிருந்து நாலு கிழங்குகளை எடுத்துப் போட்டாள். வண்டியில் சிந்தியது என்றாள். சிந்தியதா, சிந்தவைத்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. உபதேசியார் மகள் நாலே நாலு தீக்குச்சிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நான் உப்பும் வெங்காயமும் காந்தாரி மிளகாயும் கொண்டுபோயிருந்தேன். தங்கை என் இடுப்பில் இருந்தாள்.

கிழங்கின் மண்ணொட்டிய தோலை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இன்னொரு தோல். அதையும் உரித்தால் பால்வெள்ளை. துண்டு போட்டு, பானையில் தண்ணீர் முட்ட ஊற்றி, தீ மூட்டினோம்.

"மூடி போடாத," என்றாள் வண்டிக்காரர் மகள். "இது கசப்புக் கப்ப. மூணு வாட்டி தண்ணி மாத்தணும். மொதத் தண்ணி கொதிச்சதும் வடிச்சுக் கொட்டிரு."

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து அவள் அப்பா சீழ்க்கை அடித்தார். மாட்டுக்கு லாடம் அடிக்க ஆள் வந்திருந்தான். கயிற்றைப் பிடிக்க அவள் வேண்டும். "வந்துர்றேன்" என்று ஓடினாள்.

தண்ணீர் கொதித்தது. நான் முந்தானை மாதிரிப் பாவாடையைச் சுருட்டிப் பானையைப் பிடித்து ஒரு மண்சட்டியில் வடித்தேன். கஞ்சி மாதிரி கலங்கலாக, ஆவி பறக்க, சட்டி நிறைந்தது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் குடித்த கூழோடு இருந்த பிள்ளை. "அக்கா, கஞ்சி" என்றாள்.

விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். லேசாகக் கசந்தது. கசப்பு பிள்ளைகளுக்கு நல்லதென்று நம் வீடுகளில் பாகல் இலைச் சாறும் வேப்பங்கொழுந்தும் அரைத்து ஊற்றுவார்கள் அல்லவா? வயிற்றுப் பூச்சி சாகும் என்பார்கள். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உப்புப் போட்டேன். வெங்காயத்தை நசுக்கினேன்.

"ஏடி, அவ கொட்டத்தான சொன்னா?" என்றாள் உபதேசியார் மகள்.

"எங்க ஆத்தா பாத்தா என்னயத் தூக்கிக் கொட்டிரும்," என்றேன்.

ஆறவைத்துச் செம்பில் ஊற்றிக்கொடுத்தேன். தங்கை இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வண்டிக்காரர் மகள் திரும்பி வந்து, இரண்டாம் தண்ணீரையும் மூன்றாம் தண்ணீரையும் அவளே கொட்டினாள். வெந்த கிழங்கை உப்பும் மிளகாயும் சேர்த்துக் கையால் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தாள். அந்த ருசி போன மாதம் வரவில்லை. தேங்காய் போட்டும் வரவில்லை. பசியை எந்தக் கடையில் வாங்குவது?

தங்கை மட்டும் தின்னவில்லை. தலை வலிக்கிறது என்று மண்ணில் சாய்ந்தாள். வண்டிக்காரர் மகள் கையைக் கழுவிக்கொண்டே சட்டியைப் பார்த்தாள்.

"மொதத் தண்ணிய எங்கன கொட்டுன?"

"கொட்டல. பாப்பா குடிச்சிருச்சு."

"எம்புட்டு?"

"ஒரு செம்பு."

அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. "அது வெசம்டி. மலையில மாட்டக்கூட அந்தத் தண்ணிப் பக்கம் விடமாட்டாக. ஓடு. வீட்டுல சொல்லு. உப்புத்தண்ணி குடுத்துக் கக்க வைக்கச் சொல்லு. பெறகு கருப்பட்டிய கரைச்சுக் குடுக்கணும். நான் சொன்னேன்னு சொல்லு, போ."

தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியிலேயே அவள் கழுத்து தொய்ந்துவிட்டது. ஓடும்போது நான் யோசித்ததெல்லாம் அவளைப் பற்றி இல்லை, சாட்டைக்கம்பைப் பற்றித்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வாசலில் அம்மா கேட்டதும் என் வாயில் வந்தது வேறு.

"தோப்புல வெளையாண்டுக்கிட்டு இருந்தோம். பொத்துன்னு விழுந்துட்டா."

உச்சிப்பொழுது, தோப்பு, பிள்ளை விழுந்தது. அம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காற்று கறுப்பு அடித்துவிட்டது என்று முடிவாயிற்று. அண்ணன் ஓடிப்போய்க் கோடாங்கியைக் கூட்டிவந்தான். கோடாங்கி திருநீற்றை அள்ளி நெற்றியில் அப்பிவிட்டு உடுக்கையைத் தட்டினார். தங்கை மூச்சு வாங்கினாள். கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது.

"மத்தியானச் சிறுக்கி ஒருத்தி புடிச்சிருக்கா," என்றார். "நான் எறக்குற வரைக்கும் புள்ளைக்குப் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. தண்ணி குடுத்தீகன்னா அவ உள்ளயே தங்கிருவா."

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்புத்தண்ணீர், உப்புத்தண்ணீர் என்று எனக்குள் ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

அப்போதுதான் தெருவில் சத்தம் கேட்டது. வண்டிக்காரர் மகள். எங்கள் தெருவுக்குள் அவர்கள் அப்படி வரக்கூடாது. வந்து வாசலுக்கு நேராக நின்றிருந்தாள்.

"ஐயா, பேயி இல்லங்கய்யா. பாப்பா கப்பத் தண்ணிய குடிச்சிருச்சு. உப்பக் கரைச்சு ஊத்துங்க. கக்கட்டும். ஆத்தா, நீங்களாச்சும் சொல்லுங்க ஆத்தா."

அப்பா வெளியே போனார். "எந்தக் கப்ப? எங்கன வச்சுக் குடிச்சா?"

"தோப்புலங்கய்யா. நாங்க மூணு பேரும் ஆக்குனோம்."

"எந்த மூணு பேரு?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவும் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ இவகூட ஒரே சட்டியில தின்னியா?"

"இல்ல," என்றேன்.

"இவ எதையும் குடுத்தாளா பாப்பாவுக்கு?"

ஒரு 'இல்லை' சொன்னவளுக்கு அடுத்த பொய் எங்கேயும் தேட வேண்டியதில்லை. "எனக்குத் தெரியாது. நான் பாக்கல. இவ அங்கன நின்னுக்கிட்டு இருந்தா."

அவ்வளவுதான். கோடாங்கி உள்ளேயிருந்து, "குடுத்தவளே வந்து நிக்கிறா பாத்தீகளா" என்றார். அப்பா அவளை அடித்த அடியை நான் பார்க்கவில்லை, கேட்டேன். அவள் அழவில்லை. அடிக்கு நடுவிலும் "உப்புத்தண்ணிங்கய்யா, உப்புத்தண்ணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஓடிவந்து மண்ணில் விழுந்து கும்பிட்டார். "மாட்ட அவுத்துக் கட்டிட்டு இப்பவே ஊர விட்டுப் போயிரு. பொழுது எறங்குனதுக்கு அப்புறம் ஒன்னய இங்கன பாத்தேன்னா நடக்குறது வேற" என்று அப்பா சொன்னது கேட்டது.

தெருவே அங்கே கூடியிருந்தது. அம்மா வாசலுக்கு ஓடினாள், அண்ணனும் கோடாங்கியும் எழுந்து போனார்கள். உள்ளே நானும் தங்கையும் மட்டும். நான் அடுப்படிக்கு ஓடி உப்புச்சாடியில் கையை விட்டு அள்ளி, செம்புத் தண்ணீரில் கரைத்து, தங்கையை மடியில் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். பாதி வழிந்தது. பாதி இறங்கியது. விரலைத் தொண்டைக்குள் விட்டேன். அவள் என் விரலைக் கடித்தாள். பிறகு கக்கினாள். கக்கக் கக்க உடம்பு தூக்கிப்போட்டது, கண் மேலே செருகியது. அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"போயிட்டாளே எம் மக, போயிட்டாளே" என்று அம்மா வைத்த ஒப்பாரி வாய்க்கால் கரைவரை கேட்டிருக்கும்.

போகவில்லை. இன்னொரு தடவை கக்கிவிட்டு, மூச்சை இழுத்து, வீரிட்டு அழுதாள். அழுகிற பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று நானே கருப்பட்டியை உடைத்துக் கரைத்தேன். கோடாங்கி சொன்னதைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டாள். தரையில் கிடந்ததைக் காட்டிக் கோடாங்கி, "பாத்தீகளா, கறுப்பு வெளிய வந்துருச்சு" என்றார். அப்பா குதிரின் வாயை உடைத்து அவருக்கு ஒரு மரக்கால் நெல் அளந்து கொடுத்தார்.

வண்டிக்காரர் குடும்பம் அன்று பொழுதுக்குள்ளேயே மலையேறிவிட்டது. குடும்பம் என்ன குடும்பம், ஒரு அப்பாவும் ஒரு மகளும் ஒரு மூட்டையும்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால், பிள்ளைக்கு விஷம் வைத்தவள் என்றுதான் வரும். தங்கை அதைக் கேட்டே வளர்ந்தாள். அப்பா போனார், அம்மா போனாள். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் போன பிறகு யாரிடம் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கும் வைத்துக்கொண்டேன்.

போன மாதத்துக்கு வருகிறேன். கிழங்கைக் கிளறி இறக்கியபோது தங்கை உள்ளே வந்தாள். அறுபத்தைந்து வயதுக் கிழவி, சர்க்கரை வியாதி, வாய் மட்டும் குறையவில்லை. "இதப் போயி ஏன்க்கா ஆக்குற? எனக்கு வெசம் வச்சவ குடுத்த சாமான்" என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். அடுப்படியிலேயே, நின்ற நிலையிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். செம்பைக் கையில் கொடுத்தது நான் என்றேன். அப்பாவிடம் இல்லை என்று சொன்னதும் நான்தான் என்றேன். தங்கை திட்டவில்லை. கால் வலிக்கிறவள் மாதிரி மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள்.

உபதேசியார் மகள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளும் அன்று பார்த்தவள்தான். எங்கள் அப்பாவின் நிலத்தில் குடியிருந்தவர் அவள் அப்பா. வாயைத் திறக்காதே என்று அவர் சொன்னதும் மூடிய வாய்.

"நான் அவளப் பாத்தேன்," என்றாள்.

"எப்போ?"

"எனக்குக் கல்யாணமாகி மூணாவது புள்ள பொறந்தப்பறம். குமுளிச் சந்தையில. ஏலக்கா எஸ்டேட்டுல வேல பாக்குறாளாம். என்னயப் பாத்ததும் ஓடியாந்து கையப் புடிச்சுக்கிட்டா. ஒன்னயக் கேக்கல, ஒங்க அப்பாவக் கேக்கல. 'அந்தப் பாப்பா என்னாச்சு'ன்னு ஒண்ணுதான் கேட்டா."

எனக்குப் புரியவில்லை. "என்னாச்சுன்னா?"

"அவுக அப்பனும் மகளும் வீட்டுக்குத் திரும்பி வாய்க்கா தாண்டுறப்ப ஒங்க ஆத்தா வச்ச ஒப்பாரி கேட்டுருக்கு. செத்துப்போச்சுன்னே நெனச்சிருக்கா. தான் கொண்டாந்த கெழங்குதான கொன்னுருச்சுன்னு அத்தன வருசமும் நெனச்சுக்கிட்டே இருந்திருக்கா. இருக்குடி, கல்யாணமாயி ரெண்டு புள்ள இருக்குன்னு நான் சொல்லவும், அங்கனயே ரோட்டோரமா உக்காந்துட்டா. எந்திரிக்க வெகு நேரமாச்சு."

"இத்தன நாள் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ பேச்ச எடுத்தாலே நீ எந்திரிச்சுப் போயிருவியே."

அது உண்மை. போயிருக்கிறேன்.

தங்கை என்னையே பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், இருந்திருந்தால் தேவலை. "புள்ள பொழச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கலாம்லக்கா," என்றாள்.

இத்தனை வருடமும் அந்த 'இல்லை'தான் என் பாவம் என்று நினைத்திருந்தேன். அது அடிக்குப் பயந்த ஒரு பத்து வயதுப் பிள்ளை சொன்னது, சாமி மன்னித்திருக்கும். அந்தப் பயம் இரண்டே நாளில் போய்விட்டது. அடுத்த வாரமே அப்பா வேறு வண்டிக்காரரை வைத்தார். ஒவ்வொரு வாரமும் அவர் எங்கள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் குமுளிக்குப் புறப்படுவார். தொட்டியை நிரப்புவது என் வேலை. மாடு குடித்து முடிக்கும் வரைக்கும் நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.